கம்பம் சுரண்டும் சங்கம்

போஸ்டர் கிழிக்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனால் மேலதிகாரிகள் மட்டும் கம்பத்துக்கு ஒருவர் உண்டு.

புதிதாக வாங்கிய எவர்சில்வர் டபராவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் உரித்திருக்கிறீர்களா? பாதி வந்து, பாதி வராமல், மிச்சம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு உங்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறதா? அப்படியானால் நீங்களும் எங்கள் ஆள்தான். அந்த டபராவை ஆள் உயரத்துக்கு இழுத்து, மைதா பசையில் குளிப்பாட்டி, பல வருஷம் வெயிலில் காய வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் திருவண்ணாமலைக் கரண்ட் கம்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிவலம் முடித்தவர்கள் டீக்கடையைத் தேடும் நேரத்தில், நாங்கள் சிலர் கையில் தகடும் தண்ணீர் பாட்டிலுமாக ஏதாவது ஒரு தெருவில் இறங்குவோம். வருவார்கள், போவார்கள். தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். சின்னக்கடைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான், மல்லிகா. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கும் ஜினேந்திரன் சார். தண்ணீர் கேன்களையும் எங்களையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வரும் பாஷா பாய். சங்கத்துக்குப் பெயர் கிடையாது. ஊர்தான் வைத்துவிட்டது.

தோசைத் திருப்பி

எல்லாம் ஒரு தெரு விளக்கில் ஆரம்பித்தது. எங்கள் கடை வாசல் கம்பத்தில் விளக்கு எரியாமல் பல வாரம் இருட்டாகக் கிடந்தது. ஒரு நாள் இருட்டிய பிறகு, அப்போதுதான் என்னிடம் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்ட ஒரு பெரியவர், படியிறங்கி நாலு அடி வைப்பதற்குள் சாக்கடை ஓரத்துக் கல்லில் தடுக்கி விழுந்தார். அவருக்குக் காயமில்லை. கண்ணாடிதான் உடைந்தது. "இதைப் போட்டும் தெரியலையேம்மா" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் தொழில் கௌரவமே போய்விட்டது. அன்றைக்கே விளக்குக்குப் புகார் சொல்லப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கம்பத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கும் மேடம், அதைச் சொல்லுங்க, ஆள் அனுப்பறேன்" என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். நம்பரைக் காணோம். ஒரு சினிமா, அதன் மேல் ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதன் மேல் மனை விற்பனை, அதன் மேல் ஒரு காதுகுத்து. மறுநாள் காலை வீட்டிலிருந்து தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து, கம்பத்தில் தண்ணீர் தெளித்துச் சுரண்ட ஆரம்பித்தேன். தெருவே கடை திறப்பதை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது. காகிதம் அட்டை மாதிரி தடித்தடியாக வந்தது. அடியில் மஞ்சள் பெயின்ட்டில் ஒவ்வொரு எழுத்தாக நம்பர் தெரிந்தபோது, என்னமோ பூமியைத் தோண்டிச் சிலை எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. சாயங்காலம் விளக்கு மாட்ட வந்தவர் ஏணியைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பார்த்தார். பிறகு ஏறி, மாட்டி, இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் தெருவுல நம்பர் தெரியற கம்பம் இது ஒண்ணுதான் மேடம். அந்த எதிர்க் கம்பத்தையும் ஒரு கை பாத்துடுங்களேன்."

பரீட்சை நேரம்

எதிர்க் கம்பத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தவர்தான் ஜினேந்திரன் சார். சுடுதண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊற விட்டால் தானாக வரும் என்றார். வந்தது. அன்றோடு தோசைத் திருப்பி வீட்டுக்குத் திரும்பியது, பெயின்ட் கடையில் விற்கும் பட்டித் தகடு வந்தது. கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கியவர் அவர்தான். மழை நாளில் கூடாது, டிரான்ஸ்பார்மர் பக்கம் போகக் கூடாது, தலைக்கு மேல் கை போகக் கூடாது என்பது நிபந்தனை.

சாரிடம் ஒரு வழக்கம். அவர் போளூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். கம்பத்தில் தகடு வைப்பதற்கு முன்னால் விரலால் நாலு தட்டு தட்டிவிட்டுக் காத்திருப்பார். பழைய போஸ்டருக்கும் கம்பத்துக்கும் நடுவில் எறும்பு, சிலந்தி, சில சமயம் ஒரு பல்லிக் குடும்பம் குடியிருக்கும். எல்லாம் வெளியே வந்து, அக்கம்பக்கம் பார்த்து, வேறு இடம் தேடிப் போகும் வரை சார் அசைய மாட்டார். ஒரு நாள் எறும்பு வரிசை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகப் போக, முடிகிற வழியாயில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாஷா பாய் ஆட்டோவில் சாய்ந்தபடி நிதானமாகக் கேட்டார்: "வாத்தியாரே, பசங்களுக்குப் பரீட்சையில என்னிக்காவது இவ்ளோ டைம் ஜாஸ்தி குடுத்திருக்கீங்களா?"

ஈரம் காயட்டும்

தேரடி வீதியில் ஒரு கம்பம். அதை முடிக்க எங்களுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை அக்கறை. அடிக்கடி எழுந்து வந்து, "அந்த மூலையில கொஞ்சம் இருக்குது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போனார். முதல் முறையாக ஒரு பொதுஜனம் எங்கள் சேவையைப் புரிந்துகொண்டது என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஜினேந்திரன் சார் அவரிடம் போய், "நீங்களும் வாங்களேன், இன்னொரு தகடு இருக்கு" என்று கூப்பிட்டார். "இல்லீங்க, என் வேலை வேற" என்றார் அவர் அடக்கமாக.

அப்போதுதான் மொபெட்டின் முன்பக்கம் வாளியும் பிரஷ்ஷும், பின்பக்கம் சுருட்டிக் கட்டின புதுப்பட போஸ்டர்களும் இருப்பதைப் பார்த்தோம். பெயர் ஏழுமலை. ஊரில் பாதிக் கம்பம் அவர் கைவண்ணம். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் அழகு, சட்டம், குழந்தைகள் என்று ஒரு பாடமே நடத்தினார். ஏழுமலை முழுக்கக் கேட்டார். தலையை ஆட்டினார். கடைசியில் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார். ஒரு துணி போட்டுத் துடைச்சுட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும், ஈரத்துல ஒட்டினா நிக்காது."

கம்பத்திலிருந்தால் கம்பத்து அழுக்கு

ஆரம்பத்தில் கிழித்ததை அப்படியே கம்பத்தடியில் குவித்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவோம். மைதா வாசனைக்கு மாடு வரும். ஒரு கறுப்புப் பசு எங்கள் பின்னாலேயே தெருத் தெருவாக வந்தது. மாடு தின்றது போக மிச்சக் காகிதக் கூழ் தெருவெல்லாம் பரவும்.

தெரு கூட்டும் தனலட்சுமியக்கா ஒரு வாரம் பார்த்தார், இரண்டு வாரம் பார்த்தார். அடுத்த வாரம் துடைப்பத்தைக் கம்பத்தில் சாத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார். இப்போது எங்களோடு கோணிப்பை வருவதற்கு அவர்தான் காரணம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கம்பத்துல இருந்தா அது கம்பத்து அழுக்கு. கீழ போட்டீங்கன்னா அது என் அழுக்கு."

மூலத்தைத் தேடி

செங்கம் ரோடு பக்கம் வெளிநாட்டவர் ஜாஸ்தி. மாதக்கணக்கில் தங்கித் தியானம் செய்கிறவர்கள். அங்கே ஒரு கம்பத்தில் தகட்டை வைக்கப் போனபோது, "தயவுசெய்து கிழிக்க வேண்டாம்" என்று சுத்தத் தமிழில் ஒரு குரல். திரும்பினால் வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள். பெயர் கிளாரா. புத்தகம் வைத்துத் தானே தமிழ் கற்றிருக்கிறார். "இந்த ஆசிரியரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஊர் முழுவதும் இவருடைய அறிவிப்பு இருக்கிறது" என்றார்.

போஸ்டரைப் பார்த்தேன். 'மூலம், பௌத்திரம்: ஒரே நாளில் நிரந்தர விடுதலை.' கிளாராவே விளக்கினார். மூலம் என்றால் ஆதி, எல்லாம் தோன்றிய இடம் என்று அகராதியில் இருக்கிறது. பௌத்திரம் அகராதியில் அகப்படவில்லை, ஆனால் பௌத்தத்தோடு சம்பந்தப்பட்டது என்று ஊகித்துக்கொண்டார். போன் செய்து நாளும் குறித்துவிட்டாராம். எடுத்த பெண் ரொம்ப அன்பாகப் பேசினாளாம். "எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டாள். சிறு வயதிலிருந்தே இந்தத் தேடல் இருக்கிறது என்றேன். உட்கார முடிகிறதா என்று கேட்டாள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறேன் என்றேன். மிகவும் ஆச்சரியப்பட்டாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறாள்."

பாஷா பாய் ஆட்டோவுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நான் சாரைப் பார்த்தேன். சார் வானத்தைப் பார்த்தார். பிறகு, கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கும் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் கடமை இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டவர் போல, கிளாராவை ஓரமாக அழைத்துப் போய் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். கிளாராவின் முகம் சிவந்தது. பிறகு சாலையில் வரிசையாக நின்ற கம்பங்களையும், அவற்றில் வரிசையாக ஒட்டியிருந்த அதே போஸ்டரையும், பின்னால் மலையையும் பார்த்துவிட்டு நிஜமான கவலையோடு கேட்டார்: "தியானத்துக்குப் பெயர் பெற்ற இந்த ஊரில் இவ்வளவு பேருக்கு உட்கார முடியவில்லையா?"

மாமன்கள் இருக்கட்டும்

காந்தி நகர்ப் பக்கம் வேலை செய்த ஒரு நாள், கல்லூரியில் படிக்கிற வயசுப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏதோ கேட்க நினைக்கிறாள், வாய் வரவில்லை. ஆண்கள் கொஞ்சம் தள்ளிப் போனதும் என் பக்கத்தில் வந்து, "அக்கா, அடுத்த சந்து முனையில ஒரு கம்பம் இருக்குது. அதைச் செய்வீங்களா?" என்றாள். "இந்த வரிசையை முடிச்சுட்டு வரோம்மா" என்றேன். "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி முடியுமாக்கா?" என்றாள். குரலில் என்னமோ இருந்தது. தகட்டை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன்.

சந்து முனைக் கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே, வெயிலும் மழையும் படாத பக்கமாக, அந்தப் போஸ்டர் அப்படியே பளிச்சென்று இருந்தது. பூப்புனித நீராட்டு விழா. ராணி நாற்காலியில், தலையில் கிரீடத்தோடு, முழிக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். சுற்றிலும் வட்ட வட்டமாக மாமன்களும் சித்தப்பாக்களும். இவளேதான். எட்டாவது படிக்கும்போது ஒட்டியது. அப்போதிலிருந்து பள்ளிக்கூடம், டியூஷன், இப்போது கல்லூரி பஸ், எல்லாவற்றுக்கும் இந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். நகத்தால் பலமுறை முயன்றிருக்கிறாள், ஓரம்கூட வரவில்லை. போன வாரம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டானாம். வீட்டில் சொன்னால், "நல்ல காரியம்தானே, அதுல என்ன வெக்கம்" என்கிறார்களாம்.

தகட்டை அவளிடமே கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். கிரீடம் போனது, முகம் போனது, நாற்காலி போனது. கட்டை விரலில் ரத்தம் கசிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மிச்சத்தையும் எடுத்துவிடலாம் என்று நான் தண்ணீர் தெளிக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். முகம் அப்படித் தெளிந்து, லேசாகச் சிரிப்புக்கூட வந்திருந்தது. "மாமாங்களையெல்லாம் விட்டுடுங்கக்கா. அவங்க போட்டோ ரோட்டுல இருக்கறது அவங்களுக்குப் பெருமைதான்."

அட்டை

போளூர் ரோட்டில் ஒரு டீக்கடை வாசல் கம்பம். பாஷா பாய் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். கம்பத்தைப் பார்த்தார், எதிரே பார்த்தார், மறுபடி கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். குப்புசாமி, லாரி டிரைவர், நண்பர்கள் ஒட்டியது. எதிரே, சாலையைத் தாண்டாமல், அதே குப்புசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். பாய் பயந்த ஆள் இல்லை. ஆனாலும் என் பக்கமாக இரண்டடி நகர்ந்து வந்துவிட்டார்.

அவரே சாலையைத் தாண்டி வந்தார். "அது எங்க அண்ணன். மூஞ்சி எனக்கும் அவருக்கும் ஒண்ணுதான்" என்றார். அண்ணன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இந்தக் கடையில்தான் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பார்களாம். போஸ்டர் ஒட்டியதிலிருந்து இவர் இந்தக் கடைக்கு வருவதில்லை. ஆனால் தினமும் எதிர்ப்பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். "வீட்ல அவரு போட்டோ ஒண்ணும் இல்லீங்க. எடுத்துக்கவே மாட்டாரு. இது எவனோ கூட்டாளி போன்ல எடுத்தது. அவன்கிட்ட கேட்டா, அந்தப் போன் போயிடுச்சுங்கறான்."

சார் தகட்டை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து, ஒரு துணியை நனைத்து நனைத்து போஸ்டரின் மேல் ஒற்றினோம். அவசரப்படவில்லை. அந்தக் காலையில் வேறு கம்பமே தொடவில்லை. மேல் ஓரம் முதலில் விட்டுக்கொடுத்தது. நான் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், சார் கீழே, தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுவது போல உரித்தோம். கிழியாமல் வந்தது. தம்பி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதை வாங்கிக்கொண்டார். நீர் சொட்டியது. அண்ணன் முகம் அவர் கைகளில் கிடந்து அவரைப் பார்த்தது. எங்கே வைப்பது, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். பிறகு கேட்டார்: "மடிக்காம கொண்டு போகணும். ஏதாவது அட்டை கிடைக்குமாம்மா?"

நீலக் கட்டம் போட்ட சட்டை

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. 'காணவில்லை' என்று ஆரம்பிக்கும் போஸ்டரை அதிலிருக்கும் நம்பருக்குப் போன் செய்யாமல் தொடக் கூடாது. பெரும்பாலும், "அப்பவே வந்துட்டாருங்க, கிழிச்சுடுங்க" என்றுதான் பதில் வரும். சில நம்பர் வேலை செய்யாது. கிரிவலப் பாதையில் வருண லிங்கம் தாண்டி ஒரு கம்பத்தில் இருந்த போஸ்டருக்கு மட்டும் வேறு பதில் வந்தது. தனபால், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர். நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது புருவத்தில் தழும்பு. படம் வெளுத்துப்போய், மேலே பாதியை ஓர் அன்னதான விளம்பரம் மறைத்திருந்தது. போன் எடுத்தது அவர் மகள் ரேவதி. நான் விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் கிடைக்கலீங்கக்கா. எல்லா ஊர்லயும் ஒட்டினது கிழிஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன். அது ஒண்ணு இருக்குதுன்னா, அதை மட்டும் விட்டுடுறீங்களா?" என்றாள். அன்றைக்கு அந்தக் கம்பத்தில் மற்ற எல்லாவற்றையும் எடுத்தோம். அன்னதானத்தை உரித்து, தனபாலின் முகத்தை வெளியே கொண்டுவந்தோம். கீழ் ஓரம் சுருண்டிருந்ததால் சார் ஸ்டேஷனரிக் கடையில் பசை வாங்கி வந்தார். கிழிக்கிற சங்கம் முதல் தடவையாக ஒரு போஸ்டரை ஒட்டியது.

சில மாதம் கழித்து அதே பாதையில், தனபாலின் முகத்தை மறைத்து ஒட்டியிருந்ததையெல்லாம் வழக்கம்போல உரித்துவிட்டு, வேறு கம்பங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். காவி வேட்டியும் தாடியும் துணிப்பையுமாக ஒருவர் வந்து என் பின்னால் நின்றார். கிரிவலப் பாதையில் அப்படி எத்தனையோ பேர், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, எல்லாத்தையும் எடுக்கறீங்க, அங்க ஒண்ணை மட்டும் விட்டு வெச்சிருக்கீங்களே?" என்றார்.

"வீட்டுக்காரங்க விடச் சொன்னாங்க சாமி."

"எந்த வீட்டுக்காரங்க?"

"அவரோட பொண்ணு. போன் பண்ணிக் கேட்டேன். விட்டு வைங்கன்னு சொல்லிச்சு."

"போன் பண்ணீங்களா? இப்பவா? அந்தப் பொண்ணே சொல்லிச்சா?"

நாள் முழுக்க மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்கிற தொழிலில் இருக்கிறவள் நான். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் புருவத்தைத்தான் பார்ப்பேன். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. தகடு என் கையிலிருந்து நழுவியது. அவர் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் டீ வாங்கி வந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், விட்டு விட்டுச் சொன்னார் தனபால். மகள் தன் இஷ்டத்துக்கு ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுநாள் இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக வந்து கதவைத் தட்டினார்கள். உள்ளே உட்கார்ந்துகொண்டு திறக்கவில்லை. ரொம்ப நேரம் தட்டினார்களாம். அவர்கள் போன பிறகு அந்தச் சத்தம் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டார். ஆரம்பத்திலேயே இந்தப் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். "நாலு பேரு கேப்பாங்களேன்னு ஒட்டியிருப்பான்னு நெனச்சேன். அது மேல வேற வேற ஒட்டினாங்க. சரி, விட்டுட்டாங்கன்னு இருந்தேன். இப்போ பாத்தா எல்லாம் போயி அது மட்டும் நிக்குது. என்ன எழவுன்னு புரியல."

"போன் போடட்டுங்களா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "போடு. நான் இருக்கேன்னு சொல்லாதே. நல்லா இருக்காளான்னு மட்டும் கேளு" என்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ரேவதி எடுத்ததும் என் குரலுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. "சொல்லுங்கக்கா. போஸ்டர் கிழிஞ்சுடுச்சா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பார்த்துச் சொல்லிவிட்டார், "இல்லம்மா, கிழியல." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரே மூச்சில், "அப்பா, அங்கயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்றாள்.

வெயில் உறைக்கும் வரை யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. சார் அடிக்கடி ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பைக்கில் இரண்டு பேரும் வந்தார்கள். ரேவதி இறங்கி ஓடிவந்து அப்பாவின் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கம்பத்துக்குப் போய், எங்கள் தகட்டை வாங்கி, தானே அந்தப் போஸ்டரை எடுத்தாள். அவள் புருஷன் மட்டும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றான். கூப்பிடாமல் எப்படிப் பக்கத்தில் வருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தனபால் எழுந்து, துணிப்பையை எடுத்துக்கொண்டு, அவனை நோக்கி நடந்தார். பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார், சீட்டை ஒரு தட்டு தட்டினார், அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "மூணு பேரு போனா போலீஸ் புடிப்பாங்களா, மாப்ளே?"

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துடைத்த கம்பத்தை ஊர் செவ்வாய்க்கிழமைக்குள் மறுபடி நிரப்பிவிடுகிறது, அடுத்த வாரம் அதில் என்ன இருக்கும் என்று பார்க்கும் ஆசையில்தான் பாதிப் பேர் வருகிறோம் என்பதைச் சங்கத்தில் இதுவரை ஒருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை.